திருமுகம் என்னும் சொல்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். ஒரு சொல்லைப்பற்றி ஒரு நாழிகை பேசுதற்கு என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணுதல் கூடும். ஆயினும் அரசாணையைப்பற்றிப் பேச்சு எழாத கூட்டம் நம் சங்கத்தில் நடந்ததாக எனக்கு நினைவில்லை. "ஜீ. ஓ. வந்துவிட்டதா?" என்று கேட்பார் ஒருவர், "வந்துவிட்டது, அமைச்சரே வாயால் சொல்லிவிட்டார்" என்று விடையிறுப்பார் மற்றொருவர். இவ்விருவர் பேச்சுக்கும் இடையே ஒரு பெரும் பள்ளம் கிடக்கின்றது. அப்பள்ளத்தை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் வழங்கிய ஒரு சொல்லே சான்று. அதுதான் "திருமுகம்."

அரசன் விடுக்கும் எழுத்தாணைக்குத் திருமுகம் என்று பெயர். வடமொழி கலந்து ஸ்ரீமுகம் என்றும் கூறுவர். உத்தரமேரூர்ச் சபையார் வாரியத் தேர்தலுக்கு விதி வகுத்த செய்தியை நம்மில் பலர் அறிவோம். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுக்களில், அரசனுடைய ஸ்ரீமுகம் வந்தமையும், அதன்படி அரச அதிகாரி ஒருவர் சபையாருடன் அமர்ந்திருக்க அவர்கள் வியவஸ்தை செய்தமையும் காணப்படுகின்றன. குடவோலை முறையைப் புகழ்வோர் பலரும் இந்த ஸ்ரீமுகத்தை மறந்துவிடுகின்றனர். அது வேறு கதை.

ஓலைக்கு ஏன் முகம் என்று பெயர் வந்தது? எனக்குத் தோன்றுவதைச் சொல்லுகின்றேன். அரசன் ஊர்தோறும் செல்லுதல் இயலாது. அவன் செல்ல இயலாத இடத்திற்கு அவன் முகமாக ஓலை செல்லுகின்றது. ஓலையை எதிர்கொண்ட முறையைக் கண்டால் இக்கருத்து வலியுறும். திருமுகம் வருகின்றது என்று அறிந்தவுடன் நாட்டார் எழுந்து எதிர்சென்று, கைகூப்பித் தொழுது, அதனை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டார்கள் என்று செப்பேடுகள் மீண்டும் மீண்டும் கூறுகின்றன. பனையோலைக்குச் செய்த மரியாதையன்று அது. அரசன் முகத்திற்குச் செய்த மரியாதை.

இனி, இந்த முகம் எவ்வாறு உருவாயிற்று என்று பார்ப்போம். ஆனைமங்கலச் செப்பேடுகளை எடுத்துக்கொள்ளுவோம். ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றவை இவையே. பெரிய தொகுதியில் 21 ஏடுகள். 5 ஏடுகள் வடமொழி, 16 ஏடுகள் தமிழ். கடாரத்து அரசன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுப்பித்த பௌத்தப் பள்ளிக்கு, முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக அளித்த செய்தி அவற்றில் உள்ளது. சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட மன்னன் புத்தர் பள்ளிக்கு ஊர் கொடுத்தான் என்பதை நம் இளைஞர்கள் கருத்தில் இருத்துவார்களாக.

இராசராசன் தனது 21-ஆம் ஆட்சியாண்டில், 92-ஆம் நாளில், தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையின் மண்டபத்தில் இருந்தபோது வாயால் இக்கொடையைக் கூறினான். நாள் குறிக்கப்பட்டது, இடம் குறிக்கப்பட்டது, மண்டபம் எத்திசையில் இருந்தது என்பது கூடக் குறிக்கப்பட்டது. மன்னன் திருவாய் மலர்ந்தாயிற்று. கொடை முடிந்துவிட்டதா? இல்லை. இங்கேதான் வேலை தொடங்குகின்றது.

மன்னன் வாய்மொழியைக் கேட்டுக்கொள்ளுதற்கென்றே அதிகாரிகள் இருந்தனர். அக்கேள்விக்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். கேட்டதை ஓலையில் எழுதுவோன் திருமந்திர ஓலை எனப்பட்டான். ஆளுக்கும் ஓலைக்கும் ஒரே பெயர் வழங்கியது வியப்பே. எழுதியது சரி என்று ஒப்பமிடுவோர் திருமந்திர ஓலை நாயகம். அதன்பின் அது புரவுவரித் திணைக்களத்திற்குச் செல்லும். அங்கே வரிப்பொத்தகம், வரியிலிடு, பட்டோலை, முகவெட்டி, கீழ்முகவெட்டி என்று எத்தனையோ கைகள். வரிப்பொத்தகம் என்பது ஊர்தோறும் வரவேண்டிய இறைக்கு உரிய கணக்குப் புத்தகம். ஓர் ஊரை இறையிலியாக்கினால் அந்தப் புத்தகத்தில் அவ்வூர்க் கணக்கை மாற்றி எழுதவேண்டும். ஆனைமங்கலத்துக்கு உரிய இறை எண்ணாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கலம் நெல். அரசன் கருவூலத்திற்கு வந்த நெல் இனிப் பள்ளிக்குப் போகும் என்றால், கணக்கில் ஏறாமல் அது நடக்குமா? கணக்கில் ஏறாத கொடையை அடுத்த ஆண்டே வரி தண்டுவோர் வந்து கேட்டுவிடுவார்கள். ஆதலால் ஒவ்வொரு கட்டத்திலும் இருந்த அதிகாரிகளின் ஊரும் பேரும் செப்பேட்டில் பொறிக்கப்பட்டன. பின்னாளில் வழக்கு எழுந்தால் யாரைக் கேட்கவேண்டும் என்பது ஐயமற விளங்கவேண்டும் என்பதே நோக்கம் போலும்.

இடையே ஒரு சொல். அரசாங்கத்தின் துறையை நாம் இன்று துறை என்கின்றோம். முன்பு இலாகா என்றோம். ஈழத்துத் தமிழரோ இன்றளவும் திணைக்களம் என்றே எழுதுகின்றனர். சோழர் காலத்துப் பழஞ்சொல் கடல் கடந்து அங்கே உயிரோடு உலவுகின்றது.

தலைநகரத்தில் இத்தனையும் முடிந்த பின்னரே திருமுகம் நாட்டார்க்கு வரும். நாட்டார் தலைமேல் வைத்ததோடு நில்லாமல் பிடி சூழ்ந்தனர், பிடாகை நடந்தனர். பிடி என்றது பெண்யானை. பெண்யானையை எல்லை நெடுகிலும் நடத்தி, அது சென்ற வழியே ஊரார் உடன் நடந்து, வாய்க்கால் எது, மேட்டுநிலம் எது, அடுத்த ஊரின் எல்லை எதுவரை என்று கண்ணால் கண்டு, கல்லும் கள்ளியும் நாட்டினர். பின்பு தாங்கள் செய்ததை அறையோலையாக எழுதிக் கையெழுத்திட்டு அரசனுக்கு அனுப்பினர். அறைதல் என்றால் பலரறியச் சொல்லுதல். பறையறைதல் என்னும் வழக்கை ஒப்புநோக்குக. அரசனிடமிருந்து ஊருக்கு ஓர் ஓலை, ஊரிலிருந்து அரசனுக்கு ஓர் ஓலை. இவ்விரண்டும் சேர்ந்தாலன்றி ஆணை நிறைவேறியதாக எவரும் கருதவில்லை. அதன் பிறகும் ஆனைமங்கலக் கொடை செப்பேட்டில் ஏறுதற்குள் இராசராசன் மறைந்தான். மகன் இராசேந்திரனே தந்தையின் ஆணையைச் செம்பில் வெட்டுவித்து நிலைபெறச் செய்தான் என்று வடமொழிப் பகுதி கூறுகின்றது. கங்கை வரை படை செலுத்திய குலத்தின் ஆணைக்கே இவ்வளவு நடை வேண்டியிருந்தது.

இச்சொல் அரண்மனையோடு நின்றுவிடவில்லை, கோயிலுள்ளும் புகுந்தது. சிவன் கோயில் நிலத்தை விற்பதும் வாங்குவதும் சண்டேசுவரர் பெயராலேயே நடந்தன. கோயில் ஆணையும் சண்டேசுவரன் ஓலை என்றே வெளிவந்தது. இவையெல்லாவற்றினும் சிறந்தது ஆலவாய் இறைவன் விடுத்த திருமுகம். பாணபத்திரனுக்குப் பொருள் கொடுத்தனுப்புமாறு சேரமான் பெருமாளுக்கு இறைவன் எழுதிய பாட்டு, பதினோராந் திருமுறையின் முதலில் நிற்கின்றது. அதற்குத் திருமுகப் பாசுரம் என்பதே பெயர். அதனை ஓதியவர்கள் அதன் அமைப்பை நோக்குக. எழுதுவோன் யார், எவ்வூரான், யாருக்கு எழுதுகின்றான், கொண்டுவருவோன் யார், அவனுக்குச் செய்யவேண்டியது என்ன என்று அரசாணைக்கு உரிய உறுப்புக்கள் அத்தனையும் முறையே அமைந்துள்ளன. கடவுளே ஆயினும் திருமுகம் எழுதப்புகுந்தால் திருமுகத்தின் முறையிலேயே எழுதவேண்டும் என்பது அக்காலத்தார் எண்ணம்.

இனி, நம் போன்ற சங்கத்தார் தனியே உட்கார்ந்து சிந்திக்கவேண்டிய ஒரு திருமுகத்தைக் கூறுகின்றேன். கொங்கு நாட்டிலே கரூர், பேரூர் முதலிய இடங்களில் ஓர் ஆணை கல்லில் வெட்டப்பட்டுள்ளது. கோனேரின்மைகொண்டான் என்று அது தொடங்குகின்றது. அத்தொடரை ஒரு தனி மன்னனின் பெயரென்று முதலில் ஆராய்ந்தோர் சிலர் மயங்கியதுண்டு. தனக்கு ஒப்பான அரசன் இல்லாதவன் என்னும் பொருளது அது. பிற்காலச் சோழரும் பாண்டியரும் கொங்கு மன்னரும் தம் ஆணை ஓலைகளின் தலைப்பில் பொதுவாக இட்டுக்கொண்ட பட்டம். அவ்வோலை கொங்கு நாட்டுக் கம்மாளர்க்கு விடுக்கப்பட்டது. மன்னனது 15-ஆம் ஆட்சியாண்டு ஆடி மாதம் முதற்கொண்டு கம்மாளர்கள் தங்கள் நன்மைக்கும் தின்மைக்கும், அதாவது மணத்திற்கும் சாவிற்கும், இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம். பேரிகை முதலியன கொட்டுவித்துக்கொள்ளலாம். வெளியே புறப்படும் இடங்களுக்குப் பாதரட்சை அணிந்து செல்லலாம். தங்கள் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். இவ்வோலையைப் பிடிபாடாகக் கொண்டு, வேண்டின இடங்களிலே கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளலாம் என்பது அதன் முடிவு.

அன்பர்களே, இதனை இருமுறை படித்துப் பாருங்கள். கோபுரங்களுக்குக் கல் தைத்தவரும், செப்புத் திருமேனி வார்த்தவரும், பிறர் மாளிகைக்கு நிலையும் கதவும் இழைத்தவரும் தம் சொந்த வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச ஓர் அரசாணை வேண்டியிருந்தது! செருப்பணிய ஓர் அரசாணை வேண்டியிருந்தது! இந்தக் கல்வெட்டைச் சாதிச் சங்க மேடைகளில் சிலர் பெருமைக்குரிய விருதாக எடுத்துக்காட்டக் கேட்டிருக்கின்றேன். பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும். ஆணைக்கு முந்தைய ஆனி மாதத்தில் அவர்கள் வெறுங்காலோடு நடந்தனர் என்பதையும் அதே கல்தான் சொல்லுகின்றது. விருதுப் பட்டியலை வாசிக்கும்போது, கொடுக்கப்பட்டதைக் காட்டிலும், அதுவரை மறுக்கப்பட்டிருந்தது எது என்று நோக்குவதே வரலாற்று நெறி. இவ்வாணை பெறாத எத்தனையோ குடிகள் அந்நாளில் இருந்தன. அவர்களுக்கு இரட்டைச் சங்கும் இல்லை, சாந்தும் இல்லை, அதைச் சொல்ல ஒரு கல்லும் இல்லை.

"பிடிபாடாகக் கொண்டு" என்னும் தொடரையும் கவனியுங்கள். பிடிபாடு என்றால் பற்றுக்கோடு, கையில் பிடித்துக் காட்டத்தக்க ஆதாரம். திருமுகம் என்பது கொடுப்போன் பக்கத்துச் சொல். பிடிபாடு என்பது வாங்குவோன் பக்கத்துச் சொல். ஒரே ஓலை அங்கே முகம்; இங்கே பிடி. அரசன் மாறுவான், அதிகாரி மாறுவான், ஊரார் மறுப்பார்கள். அப்பொழுது எடுத்துக்காட்டக் கையில் ஒன்று வேண்டும். பெற்றவன் நோக்கில் ஆணையின் பயன் இதுவே.

பின்வந்த காலத்துச் சொற்களை விரைந்து கூறிவிடுகின்றேன். விசயநகரத்தார் நாளில் நிருபம் வந்தது. அது பின்பு கிறித்தவ வேதாகமத்தில் அப்போஸ்தலர் எழுதிய கடிதங்களுக்குப் பெயராயிற்று. நவாபுகள் காலத்தில் பர்மான், பர்வானா, சன்னது, தாக்கீது முதலியன புகுந்தன. கும்பினியார் சன்னதைக் கைக்கொண்டு, 1802-ஆம் ஆண்டு ரெகுலேஷன்படி ஜமீன்தார்களுக்கு அதனை வழங்கினர். சாசனம் என்பது கட்டளை என்னும் பொருளிலிருந்து கல்வெட்டுக்கும், பின் மரண சாசனத்துக்கும், இப்பொழுது அரசியல் சாசனத்துக்கும் வந்து சேர்ந்தது. பட்டயமோ தேய்ந்து கல்லூரியிலே பட்டயப் படிப்பாய் நிற்கின்றது. உத்தரவு ஒன்றுதான் ஏழை வீட்டிலும் நுழைந்த சொல். விருந்தாளி புறப்படும்போது "உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்" என்கின்றார், அங்கே அரசனும் இல்லை, ஆணையும் இல்லை. திருமுகம் அரசாங்கத்தை விட்டு நீங்கினாலும், ஸ்ரீமுகம் என்னும் உருவில் மடாதிபதிகளின் ஆசியுரைக்குப் பெயராய் இன்றும் வழங்குகின்றது.

இதுவரை கூறியதற்கும் நமக்கும் உள்ள தொடர்புக்கு வருகின்றேன். நம் சங்கத்தைச் சேர்ந்த சில குடும்பங்களில் செப்பேடுகள் உள்ளன. அவற்றைப் பூசையறையில் வைத்துப் பொட்டிட்டு வணங்குகின்றனர். சேர சோழ பாண்டியர் மூவரும் ஒருங்கே கூடி நம் குலத்தார்க்கு விருது அளித்ததாக அவற்றுள் எழுதியிருப்பதாய்க் கூறுகின்றனர். அவற்றைப் பொய் என்று யான் இங்கே கூறவில்லை. மெய் என்றும் கூறவில்லை. திருமுகத்தை ஆராயும் முறையில் ஆராயவேண்டும் என்கின்றேன். வாய்மொழியைக் கேட்டவர் யார்? எழுதியவர் யார்? எந்தக் கணக்கில் ஏறிற்று? எந்த எல்லையை எவர் நடந்தார்? மெய்யான சோழர் ஏடு இவற்றுக்கெல்லாம் ஊரும் பேருமாக விடை கூறும். விருதுகளை மட்டும் அடுக்கி, இவற்றுள் ஒன்றுக்கும் விடை கூறாத ஏடு, அதில் எத்தனை மன்னர் பெயர் இருந்தாலும், ஐயத்திற்கு உரியதே. கரிகாலன் கொடுத்த ஏட்டிலே சர்க்கார் என்றும் தாசில் என்றும் சொற்கள் வருமாயின் சொல்லவேண்டியதில்லை.

ஆண்டையும் பொருத்திப் பார்க்கவேண்டும். சாலிவாகன சகாப்தத்தோடு 78-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். சகாப்தம் 1600 என்று ஏட்டில் இருந்தால் அது 1678. அவ்வாண்டு தொடங்கிய தமிழ் வருடம் காளயுக்தி. அறுபது வருடச் சுற்றில் வேறு பெயர் அங்கே எழுதியிருந்தால் உடனே ஏட்டைத் தள்ளிவிட வேண்டா; ஓராண்டு முன்பின்னாக எழுதுதல் பழையோரிடத்தும் உண்டு. பத்தும் இருபதும் ஆண்டு பிசகுமானால் எழுதியவன் பிற்காலத்தவன் என்று ஐயுறுதற்கு இடமுண்டு. ஏட்டை ஐயுறுவது குலத்துக்குத் துரோகம் என்பார்க்கு ஒன்று நினைவூட்டுவேன். சுந்தரரை அடிமை என்று ஓலை காட்டிய கிழவேதியர் சிவபெருமானே. ஆயினும் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் அவரிடமும் சான்று கேட்டனர். மூலவோலையை வருவித்துப் படித்தனர். பாட்டனார் கையெழுத்தைக் காப்பிலிருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிட்ட பிறகே தீர்ப்புக் கூறினர். இறைவன் காட்டிய ஓலைக்கே ஒப்புநோக்கல் உண்டானால் நம் ஏட்டுக்கு ஏன் கூடாது?

இக்காலத்து அரசாணைக்கும் இதே நடை உண்டு என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ளவேண்டும். அரசாணை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். துறையின் பெயர், ஆணை எண், நாள், பார்வைக்கு உரிய முந்தைய கடிதங்கள், அதன்பின் ஆணை. இறுதியில் "ஆளுநரின் ஆணைப்படி" என்று இருக்கும். கீழே செயலாளர் பெயர். அதன் கீழே ஆணைப்படி அனுப்பப்படுகின்றது என்று பிரிவு அலுவலர் ஒப்பம். ஆளுநர் பெயரால் ஆணை வெளிப்படவேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 166-ஆம் பிரிவு. திருவாய்க்கேள்வி, ஓலை நாயகம், முகவெட்டி மூவரும் வேறு உடையில் அங்கே நிற்பதைக் காணலாம். பெயர்கள் மாறின, கைகள் மாறவில்லை.

சட்டமன்றத்தில் ஓர் அமைச்சர் கூறுவது அறிவிப்பு. அது திருவாய்மொழி, திருமுகம் அன்று. அறிவிப்பு வந்த நாளிலேயே நன்றித் தீர்மானம் நிறைவேற்றிச் சுவரொட்டி ஒட்டிவிடும் சங்கங்கள் பல. அதன்பின் ஆணை எண் யாது, நிதித்துறை ஒப்பியதா, மாவட்டத்திற்கு வந்ததா, வட்டாட்சியர் மேசையில் அந்தத் தாள் இருக்கின்றதா என்று கேட்பாரைக் காணோம். படிப்புதவித் தொகைக்குச் செல்லும் மாணவனிடம் "அப்படி ஓர் ஆணை எங்களுக்கு வரவில்லையே" என்று அலுவலகத்தில் கூறும்போது, அவன் கையில் இருப்பது செய்தித்தாள் துணுக்கு, பிடிபாடு அன்று.

ஆணை வந்துவிட்டாலும் அது சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. வகுப்புவாரி ஆணை 1921-இல் நீதிக்கட்சி ஆட்சியில் பிறந்தது. அவ்வழியில் பின்வந்த ஆணையின்படி கல்லூரி இடங்கள் பங்கிடப்பட்டன. செண்பகம் துரைராசன் வழக்கில் 1951-இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாதென்றது. அவ்வாண்டே அரசியல் சாசனம் முதன்முறையாகத் திருத்தப்பட்டு 15-ஆம் பிரிவில் புதிய உட்பிரிவு சேர்க்கப்பட்டது. ஆணையாக இருந்த உரிமை சாசனத்தில் வேர் ஊன்றியது அப்பொழுதுதான். இராசராசன் வாய்மொழியை இராசேந்திரன் செம்பில் ஏற்றியதை ஈண்டு நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஏடு வைத்திருக்கும் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்திற்கு அவற்றைக் கொண்டுவாருங்கள். படம் பிடித்து, மைப்படி எடுத்து, அன்றே திருப்பித் தந்துவிடுவோம். ஏட்டைச் சங்கத்தில் ஒப்படைக்க வேண்டியதில்லை. கொண்டுவருவதற்கு முன் துலக்கவேண்டாம். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை புளியும் சாம்பலும் இட்டுத் தேய்த்துத் தேய்த்து, பல ஏடுகளில் எழுத்து பாதி மறைந்துவிட்டது. பச்சைக் களிம்போடு அப்படியே துணியில் சுற்றி எடுத்துவாருங்கள்.